சுமாரான சரக்கு

என் வீட்டுக்காரர் ஒரு பொருளைக் குறை சொன்னால் அது அவருக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். சம்பந்தம் பேச வந்த அன்றைக்கு எங்கள் வீட்டு டீயைக் குடித்துவிட்டு, அதில் போட்டிருந்த ஏலக்காய் பழசு என்றார். எங்கள் அத்தாவுக்கு முகம் செத்துப்போனது. மறுநாளே சம்மதம் என்று ஆள் வந்துவிட்டது. நான் ஆக்குகிற பிரியாணியை இன்றுவரை ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. உப்புத் தூக்கல், கறி வேகவில்லை என்று சொல்லிக்கொண்டே திரும்பத் திரும்பத் தட்டை நீட்டுவார்.

பெயர் அப்துல் சமது. போடியில் ஏலக்காய் வியாபாரம். ஏல மையத்திலும் எடுப்பார், போடிமெட்டுக்கு மேலே சின்னத் தோட்டக்காரர்களிடம் நேராகவும் எடுப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தத் தொழிலே அப்படி. ஒரு காயை வாங்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவாகிவிட்டால் தட்டில் கொட்டி விரலால் கிண்டி, முகத்தைச் சுளித்து, நிறம் பத்தவில்லை, வெடித்த காய் அதிகம் என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். தோட்டக்காரரும் அப்பாடா என்று உட்காருவார். எதிலும் குறை சொல்லாமல் போகிற வியாபாரியைக் கண்டால்தான் அவர் காயைத் திரும்பச் சாக்கில் அள்ளிப் போடுவார்.

இந்தப் பேச்சு மலையோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? அதை வீட்டுக்குள் கொண்டுவந்து என் பிள்ளை தலையில் கட்டினார் பாருங்கள், அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

எங்களுக்கு மிஸ்பா ஒரே பெண். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பிள்ளை கெட்டிக்காரி என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் எனக்கு ஒரு பெருமூச்சுதான் வரும். கெட்டிக்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தால் தெரியும். கேள்வி, கேள்வி, சோறு இறங்கும்போதும் கேள்வி. பள்ளிக்கூடத்திலிருந்து வாரம் தவறாமல் புகார் வரும். கணக்கை முதலில் போட்டு முடித்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறாளாம். கவனம் இல்லையாம். சொல்லிக்கொடுத்த வழியில் செய்யாமல் வேறு வழியில் செய்கிறாளாம்.

சும்மா இருந்தேனா நான்? போடியில் இருக்கிற எல்லா வகுப்பிலும் சேர்த்தேன். மணிச்சட்ட வகுப்பில் மணியைத் தொடாமலே விடை சொன்னாள் என்று அந்த அம்மா கோபித்துக்கொண்டார். கையெழுத்து வகுப்பில் தூங்கிவிட்டாள். தேனியில் ஒரு இடத்தில் விசாரித்தால், ஐந்தாம் வகுப்பிலிருந்தே டாக்டர் பரீட்சைக்குத் தயார் செய்கிறோம், வந்து சேர்த்துவிடுங்கள் என்றார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓர் ஆள் இல்லை. தெருவுக்குத் தெரு ஏலக்காயைத் தரம் பிரிக்கச் சல்லடை இருக்கிறது. பிள்ளையின் தரம் சொல்லத்தான் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மலைக்குப் போகும்போது மிஸ்பாவும் ஜீப்பில் தொற்றிக்கொள்வாள். ஒரு நாள் நானும் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவளோ டிரைவர் அழகுராஜாவின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடுகிறதே, அப்படியானால் மேலே போய்ச் சேரும்போது எந்தப் பக்கத்துச் சக்கரம் அதிகம் ஓடியிருக்கும் என்பது கேள்வி. ரெண்டும் ஒரே ஜீப்பில்தானே பாப்பா ஓடுகிறது என்று சொல்லி அவன் தப்பித்துக்கொண்டான்.

அன்றைக்குத் தங்கபாண்டியன் அண்ணன் தோட்டத்தில் எங்களைத் தின்பண்டமெல்லாம் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். இவர் காயைத் தட்டில் பரப்பிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "அருமையான காய்ண்ணே. நம்ம கைக்கு அடங்காது. பெரிய எடமாப் பாத்துக் குடுங்க" என்றார். தங்கபாண்டியன் அண்ணன் முகம் தொங்கிப்போனது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, இவ்வளவு நல்ல வார்த்தை இவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ்பா அதற்குள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கெளம்புவோம்மா. அத்தா வாங்க மாட்டாரு" என்று என் காதில் சொன்னாள். "வேணாங்கறத இங்க அப்புடித்தான் சொல்லுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் அட்டையில் கோந்து தடவி இரண்டு நூலைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். நூல்தான் சக்கரத்தின் தடமாம். வளைத்து வளைத்து ஒட்டுவாள், முனையைச் சமமாக வெட்டுவாள், பிய்த்து நீட்டி அளப்பாள். என் தையல் பெட்டியில் ஒரு நூல்கண்டு மிஞ்சவில்லை. கடைசியில் ஒரு நாள் அட்டையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, எத்தனை வளைவு இருந்தாலும் கணக்கே இல்லை, புறப்பட்டபோது ஜீப்பு எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அதே பக்கம் பார்த்து நிறுத்தினால் இரண்டு சக்கரமும் ஒரே தூரம்தான் ஓடியிருக்கும் என்றாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்ல எனக்குத் தெரியும்?

அந்த அட்டையை அவள் கணக்கு டீச்சர் ஷெர்லினிடம் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் இவளைத் திட்டாத ஒரே டீச்சர் அவர்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இதைத் தானே யோசித்தாளா என்று கேட்டார். அப்புறம்தான் மதுரை அறக்கட்டளை ஒன்றைப் பற்றிச் சொன்னார். இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடி எடுத்து மாசத்தில் ஒரு சனி ஞாயிறு வகுப்பு நடத்துகிறார்களாம். விஞ்ஞானிகள், கணக்குப் பேராசிரியர்கள் எல்லாம் வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேசுவார்களாம். கூட வருகிற தாய் தகப்பனுக்கும் தனியாக வகுப்பு உண்டு. பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளை கேட்டால் என்ன செய்வது, மற்றப் பிள்ளைகளோடு ஒட்டாமல் போனால் எப்படித் தேற்றுவது என்றெல்லாம் சொல்லித் தருவார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், பிள்ளைக்குக் கிடைக்கப்போகிற வகுப்பைவிட எனக்குக் கிடைக்கப்போகிற அந்த வகுப்பின் மேல் எனக்கு ஆசை பொங்கியது. என்னைப் போல முழி பிதுங்கி நிற்கிற இன்னும் நாலு தாய்மாரைப் பார்க்கலாமே.

தேனியில் நடந்த எழுத்துத் தேர்வில் மிஸ்பா தேறிவிட்டாள். அடுத்தது குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசுவது. அதுதான் முக்கியம் என்று ஷெர்லின் டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். நிறையக் குடும்பங்கள் ரெண்டு மாசம் கூட்டி வந்துவிட்டு அப்புறம் நின்றுவிடுகிறார்களாம். அதனால் பிள்ளையின் திறமையில் தாய் தகப்பனுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று பார்த்துத்தான் இடம் தருவார்கள்.

தேனியில் ஒரு பள்ளிக்கூட அறையில் உட்கார வைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, கூட இரண்டு பேர். அந்த அம்மா நல்ல மாதிரி. சிரித்த முகத்தோடு இவரைப் பார்த்து, உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

இவர் மிஸ்பாவை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அறிவேன். தட்டில் கொட்டிய காயைப் பார்க்கிற பார்வை.

"சுமார்தாங்க. சோம்பேறி. சொன்ன பேச்சு கேக்காது" என்றார்.

எனக்கு நாற்காலி நழுவினது போல இருந்தது. அந்த அம்மா சிரிப்புக் குறையாமல், வீட்டில் எதில் ஆர்வம் காட்டுகிறாள் என்று கேட்டார். நூலை வெட்டி வீணாக்கும் என்றார் இவர். நான் குறுக்கே விழுந்து அட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தாய் பாசத்தில் பேசுகிறாள், நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று என் வாயையும் அடைத்துவிட்டார். அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை மட்டும் காலை ஆட்டிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். அதுவும் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. தகப்பன் மானத்தை வாங்குகிறான், இவளுக்கு உறைக்கக்கூட இல்லையே என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்துவிட்டது. குடும்பத்தின் ஒத்துழைப்புத் தெளிவாக இல்லாததால் இப்போதைக்கு இடம் தர முடியவில்லையாம்.

அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுதினால் மானம் போகும். சுருக்கமாகச் சொன்னால் நான் கத்தினேன், அவர் முழித்தார். நடித்தாரா என்றால் அதுவும் இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பொருளைத் தூக்கிப் பேசினால் எவனாவது நம்புவானா, தட்டிப் பேசினால்தானே எதிராளிக்கு அதன் மேல் ஒரு மதிப்பு வரும் என்று என்னிடமே நியாயம் கேட்டார். கண் பட்டுவிடும் என்று பயந்தாரா என்றால் அதுவும் இல்லை. அதற்காவது ஓதி ஊதலாம். இதற்கு எங்கே போய் மருந்து தேடுவது?

"அவுங்க வாங்க வந்தவுங்க இல்ல. நாம விக்கவும் போகல. புள்ளயப் பத்தி நாலு நல்ல வார்த்தை கேட்டாங்க. அம்புட்டுத்தான்" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, அவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியாதா என்று மெல்லக் கேட்டார். எனக்குத் தெரிந்து என்ன செய்ய?

ஷெர்லின் டீச்சர் விடவில்லை. போன் மேல் போன் போட்டார். ஒரு பிள்ளை ஊர் மாறிப் போனதில் ஓர் இடம் காலியாகி, மதுரைக்கே வந்து இன்னொரு தடவை பேசச் சொன்னார்கள். இதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

நான் இவருக்கு வகுப்பு எடுத்தேன். காலையில் இட்லியை வைத்துவிட்டு, இதைப் பாராட்டுங்கள் பார்ப்போம் என்பேன். வாயைத் திறப்பார், மூடுவார், சட்னியில் காரம் இல்லை என்பார். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் விடவில்லை. மிஸ்பாவுக்குத் தெரியாமல்தான் இதெல்லாம். மதுரை பஸ்ஸில் அவள் தூங்கிய பிறகு இவர் காதில் ஓதிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவரே, பயப்படாதே, நல்ல வார்த்தை எனக்கும் பேச வரும், தொழிலில் பேசாததா என்றார். அந்த வார்த்தையிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். மூளை இருந்தால்தானே?

அறக்கட்டளைக் கட்டடத்தில் செருப்பை அறை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனோம். அதே கண்ணாடி அம்மாதான், கூட அதே இரண்டு பேர். மிஸ்பா அட்டையைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். கேட்டால் காட்ட வேண்டும் என்று பஸ் ஏறும்போதே துள்ளிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா மறுபடியும் இவரைப் பார்த்து, மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

இவர் தொண்டையைக் கனைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பைக் கொண்டுவந்தார்.

"அருமையான புள்ளைங்க. இப்புடி ஒண்ண நாங்க பாத்ததே இல்ல. நெசமாச் சொல்றேன், எங்க கைக்கு அடங்காதுங்க. எங்ககிட்ட வச்சிருந்தா வீணாப் போயிரும். உங்கள மாதிரி பெரிய எடந்தான் இதுக்குச் சரி. நீங்களே எடுத்துக்கங்க."

தங்குதடையில்லாமல் பேசினார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். எனக்கு அப்போதே இடம் கிடைத்துவிட்டது போல நெஞ்சு நிறைந்தது. இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று மிஸ்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கண் வாசலில் கிடந்த செருப்பின் மேல் இருந்தது. மூன்று ஜோடியில் யாருடையது முதலில் கிளம்பப்போகிறது என்று பார்ப்பது போல இருந்தது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்த அம்மா அட்டையை வாங்கி விரித்து, இதை எப்படிம்மா கண்டுபிடித்தாய் என்று ஆசையாகக் கேட்டார்.

தெரியாது என்றாள் மிஸ்பா. நீதானே ஒட்டினாய் என்றதற்கு, இல்லை, ஜீப்பு ஓட்டுகிற அழகுராஜா அண்ணன் ஒட்டித் தந்தது என்றாள். நான் பதறிப்போய் அவள் தோளைத் தொட்டேன். உதறினாள். அந்த அம்மா நிதானமாக, சரி, அதை விடு, உன்னைப் பற்றி நீயே சொல்லு என்றார்.

மிஸ்பா இவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "நான் சுமார்தான். சோம்பேறி. சொன்ன பேச்சு கேக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு எத்தனை கேட்டும் தலை குனிந்தபடியே இருந்தாள். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

படிக்கட்டில் வந்து நின்றதும் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அத்தா, என்னைய வேணாமா?"

இவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கோ தங்கபாண்டியன் அண்ணன் வீட்டு வாசலும் இவள் செருப்பு மாட்டிய அவசரமும் கண்முன் வந்து நின்றன. தேனியில் தகப்பன் திட்டத் திட்டக் காலை ஆட்டிக்கொண்டு சிரித்தாளே, அதுவும் அப்போதுதான் விளங்கியது. வேண்டும் என்று தகப்பன் சொன்னதைக் கேட்டுத்தான் சிரித்திருக்கிறாள்.

நான் அவர்களை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கண்ணாடி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய், தட்டு, மலை, வியாபாரம், செருப்பு என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கிறுக்குத்தனமாகக் கேட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவள் அத்தா ரெண்டு திட்டு திட்டினால் அவள் பேசிவிடுவாள் என்று கெஞ்சினேன்.

அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா?

"உங்க ஆசை புரியுதும்மா. ஆனா புள்ளைக்கு விருப்பம் இல்லாதப்ப நம்ம ஆசைய அது மேல திணிக்கக் கூடாது. வீட்ல அவள அவ போக்குல விடுங்க."

திணிக்கிறேனாம். நான்! நூலெல்லாம் போனாலும் வாயைத் திறக்காதவள் நான். பள்ளிக்கூடத்துப் புகாரையெல்லாம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். பிள்ளையைத் திணறவைக்கும் தாய்மாரைப் பற்றி அவர்கள் வகுப்பில் பாடம் நடத்துவார்களாக இருக்கும். அந்தப் பாடத்துக்கு உதாரணமாகி வெளியே வந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவர் இருக்கையில் தகப்பனும் மகளும் உட்கார்ந்தார்கள். நான் பின்னால். பஸ் உசிலம்பட்டியைத் தாண்டியது. பிறகு இவர் மெல்ல ஆரம்பித்தார். கழுதை, ஊரைக் கெடுத்த கழுதை, ஒன்றுக்கும் உதவாத கழுதை, உன்னை எவன் எடுத்துக்கொள்வான் என்று அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டே வந்தார். மிஸ்பா கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தாள். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் வளைந்தபோது மடியில் கிடந்த அட்டையை விரித்து அவருக்குக் காட்ட ஆரம்பித்தாள்.

என்னமாய்ச் சொன்னாள்! சாலை எப்படி வளைந்தாலும் ஏன் கவலையில்லை, ஒரு வளைவு கொடுத்ததை எதிர் வளைவு எப்படி எடுத்துக்கொள்கிறது, கடைசியில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மட்டும் ஏன் போதும் என்று கையால் சாலை போட்டுக் காட்டினாள். முன் இருக்கைக்காரர் திரும்பி உட்கார்ந்து கேட்டார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் பையைத் தோளில் தள்ளிவிட்டு நின்றுவிட்டார். அந்த மேஜைக்கு முன்னால் இதில் பாதியைச் சொல்லியிருந்தால் போதும். கால்வாசி போதும்.

அவள் முடித்துவிட்டு அத்தா முகத்தையே பார்த்தாள். இவர் அட்டையை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய், விரலால் நூலைத் தடவி, மூக்கைச் சுளித்தார்.

"சுமாராத்தான் இருக்கு" என்றார்.

பிள்ளையின் முகத்தில் வந்ததே ஒரு வெளிச்சம், அதைப் பார்க்க அந்த அறையில் மூன்று பேர் காலையிலிருந்து காத்திருந்தார்கள். பார்த்தது நான் ஒருத்திதான். எனக்கு அந்த இரண்டு பேரையும் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, இரண்டு பேர் முதுகிலும் ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது. ஒன்றையும் செய்யாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு போடி வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.